ஒன்பதாவது வார்டில் என் முறை முடிந்ததாம்

ஜனவரி 4, திங்கள்

கடை திறந்ததும் முதல் ஆள் மேட்டுத் தெருக்காரி. இருமல் மருந்துக்கு வந்தவள் இருமலை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாள். "பாதித் தெரு வரைக்கும் குழாய் போட்டீங்க மேடம், மீதி எப்போ? எங்க வீட்டுக்கு நாலு வீடு முன்னாடி நின்னுபோச்சு." நிதி ஒதுக்கியாகிவிட்டது, மார்ச்சில் வேலை தொடங்கும் என்றேன். சொல்லிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். மார்ச்சில் நான் எங்கே இருப்பேன்?

அடுத்த திங்கள் நகராட்சியில் குலுக்கல். இருபது வார்டில் பத்து பெண்களுக்கு என்று சட்டம். எந்தப் பத்து என்று தேர்தலுக்குத் தேர்தல் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். போன தடவை எங்கள் ஒன்பது வந்தது. நிற்கப் பெண் கிடைக்காமல் கட்சிக்காரர்கள் மருந்துக் கடை வரைக்கும் வந்து என்னைப் பிடித்தார்கள். 'நீங்க சும்மா நின்னா போதும் மேடம், மீதியை நாங்க பாத்துக்கறோம்.' சும்மா நிற்கத் தெரியாதது என் கூடப் பிறந்த கோளாறு. நின்றேன், ஜெயித்தேன், மீதியையும் நானே பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தடவையும் ஒன்பது வரவேண்டும். வராமலும் போகலாம். வராமல் போனால் என்ன, குடி முழுகிவிடுமா? முழுகாது. அப்புறம் ஏன் காலையிலிருந்து மூன்று பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன்?

ஜனவரி 11, திங்கள்

ஒன்பது வரவில்லை. பக்கத்து வார்டு பத்து வந்தது.

ஜனவரி 12, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. நகராட்சிக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் இருபது சுருட்டிய சீட்டு. ஆணையர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஒன்பது சீட்டு எடுத்தாகிவிட்டது, எங்கள் வார்டைக் காணோம். கடைசியாக எடுத்த சீட்டில் 'பத்து' என்று படித்ததும் எனக்கு முன் வரிசையில் விசில் சாரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். பத்தாவது வார்டு அவருடையது, மூன்று தேர்தலாக. பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் கழுத்தில் விசில் தொங்குவது போலவேதான் நடப்பார். ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கும் வார்டு போனது. அவருக்கு, பத்தாவது வார்டு பெண்களுக்குப் போனதால். எனக்கு, ஒன்பதாவது வார்டு பெண்களிடமிருந்து போனதால்.

இன்றைக்குக் கடையில் துக்கம் விசாரிக்க வந்தது போல வந்தார்கள். "அஞ்சு வருஷம் நல்லா பண்ணீங்க மேடம்." "பரவால்ல மேடம், உடம்புக்கும் ரெஸ்ட் வேணும்ல." தைலம் வாங்க வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மாலை ஒன்று மட்டும்தான் பாக்கி.

தண்ணீர் வால்வு திறப்பவருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. என் பதவிக்காலம் இன்னும் முடியவில்லை. ஆனால் போனுக்கு அது அதற்குள் தெரிந்துவிட்டது.

ஜனவரி 16, சனி

வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அலமாரியில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும்போது விசிலடிக்கிறார். வருடக் கணக்கில் கேட்காத சத்தம்.

அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மருந்தாளுநர் படிப்பு எனக்கு, கல்லாவும் கணக்கும் அவருக்கு என்றுதான் கடை தொடங்கினோம். நான் மன்றக் கூட்டம், தெரு, குப்பை என்று போனபோதெல்லாம் டாக்டர் சீட்டோடு வருபவர்களிடம் "மேடம் வந்தப்புறம் வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வாய் வலித்துவிட்டது. பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை, முக்குக் கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை மனிதர். அதனால்தான் பயம். சுளித்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

"இனிமேலாவது நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிடலாம்" என்றார். ஆமாம் என்றேன்.

எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாரோ வந்து சாக்கடை அடைத்துக்கொண்டது என்று கத்தும்போது பிடித்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும்போது முழங்கால் நடுங்குமே, அந்த நடுக்கம்கூடப் பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் பதவி ஆசை என்பார்கள். ஆம்பளை சொன்னால் மட்டும் அதற்குப் பொதுச் சேவை என்று பெயர்.

ஜனவரி 19, செவ்வாய்

கட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலி, சுவரில் போன தேர்தல் போஸ்டரின் பாதி. செயலாளர், விசில் சார், நான், இன்னும் நான்கைந்து பேர்.

செயலாளருக்கு நெஞ்செரிச்சல், என் கடை வாடிக்கைதான். அதனால் எதையும் சுருக்கமாக முடிக்கப் பார்ப்பார். "எல்லாம் யோசிச்சாச்சு மேடம். பத்து இப்ப பெண்கள் வார்டு. நீங்க அங்க போயிடுங்க. சார் உங்க ஒன்பதுக்கு வந்துடுவார். யாருக்கும் நஷ்டமில்ல. என்ன சார்?"

விசில் சார் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மூணு தடவை ஜெயிச்சவன்ப்பா நான். நான் என்ன தப்புப் பண்ணேன், எதுக்கு என்னை வெளிய அனுப்பறாங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நானும்தான் என்ன தப்புப் பண்ணினேன்? அதைக் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சரிங்க" என்று வந்தது.

அந்தச் 'சரிங்க' எங்கிருந்து வந்ததோ! எல்லாரும் டீ குடித்தார்கள். ஏதோ பெரிய உபகாரம் செய்தவர்கள் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் தலையாட்டிச் சிரித்தேன், பூம்பூம் மாடு தோற்றது.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் விசிலடிப்பதை நிறுத்தினார். "அப்போ மறுபடியும் நிக்கறியா?" அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் கணினியில் ஸ்டாக் பார்க்கப் போய்விட்டார்.

ஜனவரி 20, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. நானே நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டுக்கொண்டேன். செயலாளரிடமிருந்து தொற்றியிருக்கும்.

ஜனவரி 23, சனி

பத்தாவது வார்டுக்குப் போனேன். ரயில் பாதையைத் தாண்டினால் பத்து. அடுத்தவர் சமையலறையில் கரண்டியைத் தேடுவது போலிருந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த விளக்கு எரியாது, ஒன்றும் தெரியாது.

வழி காட்ட ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். ஸ்டேஷன் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் அளவு நாடாவோடே வந்துவிட்டாள், கழற்ற மறந்துபோச்சாம். விசில் சார் உறுப்பினராக இருந்த வருடங்களில் வார்டு வேலை முழுவதையும் இவள்தான் பார்த்திருக்கிறாள் என்பது இரண்டு தெரு நடந்ததுமே தெரிந்துவிட்டது. வாசலுக்கு வாசல் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஏம்மா, எங்க பென்ஷன் என்னாச்சு?" "அக்கா, அந்த மரக்கிளையை வெட்டச் சொன்னீங்களா?" ஒவ்வொருவருக்கும் பதில் வைத்திருந்தாள். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்கு அது வர இரண்டு வருடம் பிடித்தது.

பதில் சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு வாசலிலும் என்னைக் காட்டி, "இவங்கதான் நம்ம வேட்பாளர். மருந்துக் கடை மேடம். ரொம்ப நல்லவங்க" என்றாள். ஒரு வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இவளிடமே கேட்டுவிட்டாள், "ஏன், நீ நிக்கலையா?" தையல்காரி சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் யாரோ காயப்போட்டிருந்த போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 25, திங்கள்

தையல்காரி கடைக்கு வந்தாள். தலைவலி மாத்திரை கேட்டாள். தலைவலி இருந்த முகமில்லை அது.

கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது."

சரிதான், பத்தாவது வார்டை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன், கட்சி முடிவும்மா, என் கையில் என்ன இருக்கு என்று. வெட்கம்.

"ஒன்பதுல நீங்க நிக்கக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலையே."

"அப்புறம்?"

"அது இப்ப பெண்கள் வார்டு இல்லம்மா. பொது வார்டு ஆயிடுச்சு."

"பொதுன்னா ஆம்பளைங்க வார்டா அக்கா?"

எனக்குத் தெரியாதா என்ன? ஆண்கள் வார்டு என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. பத்து வார்டில் பெண்கள் மட்டும், மீதிப் பத்தில் யார் வேண்டுமானாலும். மன்றத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துமே குலுக்கல் அன்றிலிருந்து ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் 'முறை முடிந்தது' என்றார்கள், நானும் முடிந்தது என்று இருந்துவிட்டேன். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவே இல்லை. என்னையும் சேர்த்து.

அவள் இன்னொன்றும் சொன்னாள், குரலை உயர்த்தாமல். "எட்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்க்கா. சார் இருக்கற வரைக்கும் நான் எப்படி நிக்கறது, அது மரியாதை இல்லன்னு. இப்ப வார்டே பெண்களுக்குன்னு வந்துச்சு. வந்தும் நீங்களும் நானும் ஒரே வாசல்ல முட்டிக்கறோம். அந்தப் பக்கம் சாருக்கு வாசல் அகலமாத் திறந்திருக்கு."

மாத்திரைக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். அவளும் மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 27, புதன்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செயலாளருக்குப் போன் செய்தேன். பேசவேண்டியதை முன்னாலேயே மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டேன். அவர் முதல் வாக்கியத்திலேயே சீட்டு வீணாகிவிட்டது.

"ஒன்பதா? என்ன மேடம் திடீர்னு? அதுதான் சாருக்குச் சொல்லியாச்சே."

"அது என் வார்டுங்க. எனக்குத் தெரிஞ்ச வார்டு. பத்துக்கு அந்தத் தையல் கடைப் பொண்ணு இருக்கா. சாரை வேற எங்கயாவது…"

"மேடம், கொஞ்சம் யோசிங்க. சட்டம் பாதின்னு சொல்லுது. பாதி குடுத்தாச்சு. அதுக்கு மேலயும் பெண்களையே போட்டா மன்றத்துல நாங்க எங்க உக்கார்றது?"

சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னது போல. விளையாட்டுக்குத்தான் சொன்னாரா? பத்து குறைந்தபட்சம் என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் அதையே கூரையாகப் போட்டுவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை மனுத் தாக்கல். பத்துக்கு உங்க ஃபார்ம் ரெடி. கையெழுத்து மட்டும் போட்டா போதும். பத்தாவது வார்டு ஆள் ஒருத்தர் முன்மொழியணும், அதுக்கு அந்தத் தையல் கடைப் பொண்ணையே வரச் சொல்லிட்டேன்."

அவளையே! அவள் வாசலை நான் அடைப்பதற்கு அவளே கையெழுத்துப் போடவேண்டும்!

என்ன செய்வது? சுயேச்சையாக நின்றால் கட்சியை விட்டுத் தூக்கிவிடுவார்கள். தோற்றால் ஊரே சிரிக்கும். மேட்டுத் தெருக் குழாய் அதோடு கதம். கட்சியின் ஆளாகவே இருந்தால் விசில் சாரிடமாவது கெஞ்சிக் கேட்கலாம். ஆனால் அவர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மேட்டுத் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எனக்கே ஒன்றும் தெரியாதபோது.

ஜனவரி 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மனு வாங்குவது மூன்று மணி வரைக்கும். கடைசி நாள். நகராட்சி அலுவலக நடைவழியில் கட்சிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். விசில் சார் புதுச் சட்டை. தையல்காரி ஓரத்துப் பெஞ்சில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பத்தாவது வார்டு ஃபார்மை நீட்டினார். என் பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்துப் போடுமிடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

பேனாவைத் திறந்தேன். தையல்காரி எழுந்து நின்றாள், அடுத்தது அவள் கையெழுத்து அல்லவா. "போடுங்கக்கா" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள், குத்தலே இல்லை. குத்தியிருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ.

பேனாவை மூடினேன். "எனக்கு ஒன்பதாவது வார்டுக்கு வெறும் ஃபார்ம் ஒண்ணு வேணும்" என்று எழுத்தரிடம் கேட்டேன். என் குரல்தான் அது, ஆனால் வேறு யாரோ பேசுவது போல் கேட்டது.

செயலாளர் கையைப் பிடிக்காத குறை. "என்ன மேடம் இது, கடைசி நேரத்துல கழுத்தறுக்கறீங்க! பத்துக்கு இப்ப நான் யாரைத் தேடுவேன்?"

"தேட வேண்டாம். பேனாவோட நிக்கறா பாருங்க."

விசில் சார்தான் வாயைத் திறந்தார். "அவ நிக்கட்டும்ப்பா. பத்துல எல்லா வேலையும் அவதான் பண்ணா. நான் முன்மொழியறேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க எனக்கு எதிரா நிக்கப் போறீங்களா மேடம்?"

"என் வார்டுல நிக்கறேன் சார்."

அவர் முகத்தில் கோபமா வருத்தமா தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

ஃபார்ம் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முன்மொழிய ஒன்பதாவது வார்டு ஆள் வேண்டுமே! பத்துக்கு என்று கிளம்பி வந்தவள், என் வார்டிலிருந்து ஒரு ஈ காக்கையைக்கூட அழைத்து வரவில்லை. மணி இரண்டேகால். வால்வு திறப்பவர் எடுக்கவில்லை. அடுத்த வீட்டு ஆசிரியை வகுப்பில். மேட்டுத் தெருக்காரி "ஐயோ மேடம், கையெழுத்தெல்லாம் எங்க வீட்டுல கேக்கணும்" என்றாள். கட்சிக்காரர்கள் நிற்கும் இடத்தில், கட்சிக்கு எதிராக, யார் வருவார்கள்?

கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். அவருக்குச் செய்யக்கூடாது என்றுதான் எல்லாருக்கும் செய்தேன்.

"கடையைப் பூட்டிட்டு வாங்க. உடனே."

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். நடுவில் நடுவில் அழுகை வந்தது. சுயேச்சை, ஒன்பது, முன்மொழிய ஆள் இல்லை, மூன்று மணி. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, ஏதாவது சொல்லுங்களேன் என்று இருந்தது. இணைப்பு அறுந்தது.

பத்து யுகம். நடைவழிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வரமாட்டார், ஏன் வரவேண்டும்? ஐந்து வருடமாகத் தனியாகச் சாப்பிட்டவர். அப்படியே வந்தாலும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வருவார்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். செயலாளர் "வாங்க வாங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று எழுந்தார். இவர் அவரைத் தாண்டி எழுத்தரிடம் போய், "எங்க போடணும்?" என்றார். கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே என்னிடம், "ஏற்கெனவே கல்யாண ஃபார்ம்ல உன் பேருக்குப் பக்கத்துல கையெழுத்துப் போட்டவன்தானே, இன்னொண்ணு போட்டா குறைஞ்சா போயிடுவேன்" என்றார்.

வெளியே வந்த பிறகு வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "எனக்கு இதுல சந்தோஷம்னு நினைச்சுக்காதே" என்றார். "நீ அழுதது தாங்கல."

கையெழுத்தை விட அதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது.

பிப்ரவரி 3, புதன்

சின்னம் கொடுத்தார்கள். சீப்பு. "வழுக்கைத் தலை ஓட்டு அத்தனையும் போச்சு" என்றார் வீட்டுக்காரர். அந்தக் கணக்கில் அவர் ஓட்டே சந்தேகம்தான். கட்சியிலிருந்து நீக்கிவிட்டதாகச் செய்தியும் வந்தது. இரண்டு வரி.

பிப்ரவரி 8, திங்கள்

மேட்டுத் தெரு. குழாய் நின்ற இடத்திலிருந்து வீடு வீடாக ஏறினேன். ஒரு வீட்டில் சுகர் மாத்திரை வாங்கும் அம்மாள் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மேடம், இந்தத் தடவை நம்ம வார்டுல பொம்பளைங்க ஓட்டுப் போடக் கூடாதாமே? உண்மையா?"

தூக்கிவாரிப் போட்டது. இது பெண்கள் வார்டு இல்லை என்று யாரோ சொல்ல, இன்னொருவர் அதற்குக் கை கால் வைக்க, இங்கே வந்து சேரும்போது ஓட்டே இல்லை என்று ஆகியிருக்கிறது. இல்லம்மா, போடலாம், போடணும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அடுத்த வீட்டில் ஓட்டுப் போடலாம் என்பது தெரிந்திருந்தது, ஆனால் பெண்களுக்குப் போட்டால் செல்லாது என்று நினைத்திருந்தாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஆம்பளை, "உங்களுக்குத்தான் தனியா பத்து இடம் குடுத்திருக்காங்களே, அங்க போய் நிக்க வேண்டியதுதானே? எங்களுக்கு இருக்கறதையும் ஏன் பிடுங்கறீங்க?" என்றார். அவருக்கு நான் மருந்தைக் கடனாகக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

பதில் சொன்னேன். சரியாகச் சொன்னேனா? சீப்பைக் காட்டிவிட்டு, "உங்க தலை உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐயோ, அவருக்கும் முடி குறைவு.

எத்தனை வீட்டில் இந்தக் கதை ஓடுகிறதோ. எல்லா வீட்டுக்கும் போக நாள் இருக்கிறதா? நாளைக்கு விடியும் முன்பே கிளம்பவேண்டும்.

பிப்ரவரி 13, சனி

விசில் சார் கடைக்கு வந்தார், ரத்த அழுத்த மாத்திரைக்கு. பிரசாரத்துக்கு இடையில் வந்ததால் பின்னால் கட்சிக்காரர்கள் நாலு பேர், வெளியே நிறுத்திவிட்டார். முகம் சிவந்திருந்தது. உட்காருங்கள் என்று பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தேன். நூற்றெழுபத்தெட்டு.

உண்மையை எழுதுகிறேன். ஒரே ஒரு கணம், இவர் படுத்துவிட்டால் நான் ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். கணம்தான். நினைத்தேன்.

"சார், இன்னிக்கு வெயில்ல போகாதீங்க. நாளைக்கும் வேண்டாம். டாக்டரைப் பாருங்க."

"எதிராளி சொல்ற பேச்சைக் கேக்கணுமா?"

"மருந்துக் கடைக்காரி சொல்றேன் சார்."

மாத்திரையை அங்கேயே விழுங்கினார். அப்புறம், "எனக்கு உங்க தெரு ஒண்ணும் தெரியலம்மா. எல்லா வாசல்லயும் உங்க பேரைத்தான் சொல்றாங்க, நல்லதோ கெட்டதோ. இத்தனை வயசுல புதுப் பையன் மாதிரி நிக்கறேன்" என்றார்.

பத்தாவது வார்டில் கரண்டியைத் தேடிய என் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. வெளியே நின்றவர்களில் ஒருவன், நான் என்ன மருந்து கொடுத்தேன் என்று சந்தேகமாகக் கேட்டது காதில் விழுந்தது. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கடை என்ன ஆகும்? ரசீதை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். நல்ல எண்ணமும் கெட்ட பயமும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 17, புதன்

விசில் சார் நன்றாக இருக்கிறார். இன்று காலை ஆட்டோவில் உட்கார்ந்தபடி ஓட்டுக் கேட்டுக்கொண்டு போனார். மூச்சு வந்தது எனக்கு.

தையல்காரி போன் செய்தாள். பத்தில் அவளுக்கு எதிராக ஒரு ஒப்பந்தக்காரரின் மனைவி நிற்கிறாராம். "பயமா இருக்குக்கா. உங்களுக்கு?" இல்லை என்று சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். என்னத்துக்குச் சிரித்தோமோ.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஓட்டுப் பதிவு. மேட்டுத் தெருவிலிருந்து பெண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள். தாங்களாக வந்தார்களா, அல்லது கட்சிக்காரர்கள் அனுப்பினார்களா என்று தெரியவில்லை. சுகர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் போனாள். அது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா? வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலைக் காட்டினார். யாருக்கு என்று கேட்டேன். "ரகசியம்" என்றார். வழுக்கை.

பிப்ரவரி 22, திங்கள்

நாளைக்கு எண்ணிக்கை. மாத்திரையை எண்ணும்போதே கணக்குத் தப்புகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

மார்ச் 10, புதன்

இத்தனை நாள் எழுதவே இல்லை. கடைக்கு ஒரு மருந்தாளுநர் கிடைத்திருக்கிறாள், இப்போதுதான் படித்து முடித்த பெண். காலையில் அவளிடம் அலமாரியைக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர்தான், "நீ போ, முதல் நாளே லேட்டா போகாதே" என்று துரத்தினார்.

மன்றக் கூடத்துக்குள் ஓடிப்போய் நுழைந்தேன். இடது பக்கம் மகளிர் வரிசை, ஐந்து வருடம் நான் உட்கார்ந்த வரிசை. கால் தானாக அங்கே போனது. பத்து நாற்காலி, பத்துப் பெண்கள். எல்லாம் நிரம்பியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

கூடத்து உதவியாளருக்கு வியர்த்துவிட்டது. விரலை நீட்டி ஒரு தடவை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "மகளிருக்குப் பத்துன்னுதான் மேடம் சொன்னாங்க. எப்பவும் பத்துதானே. எங்க தப்பாச்சுன்னு தெரியலயே…" மேடையிலிருந்த ஆணையர், அவருக்குப் பக்கத்தில் எழுத்தர், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

கடைசி நாற்காலியிலிருந்து தையல்காரி சட்டென்று எழுந்தாள். "அக்கா, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன்."

உட்காரப் போய்விட்டேன். நிஜமாகவே கையைப் பின்னால் நீட்டி நாற்காலியைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றேன். "நீ உக்காரு. அது உன்னோட இடம்."

எதிர்ப் பக்கம் பத்து நாற்காலியில் ஒன்பது ஆண்கள். நடுவில் ஒன்றின் மேல் ஒருவர் தன் பையை வைத்திருந்தார். கூடத்தின் குறுக்கே நடந்து போனேன். முழங்கால் நடுங்கியது.

"பையைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், எதிர் வரிசையைப் பார்த்தார், பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.